வியாழக்கிழமை, நிலவறை

பீல் நகரில், எங்கள் கட்டடத்தில்
உடுப்புத் தோய்க்கும் அறைக்கு ஒரே ஒரு திறப்பு.
வியாழன் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை
அது என்னுடையது.
அடுத்த கதவு ரூஃபனாக்ட்டினுடையது.

முப்பத்தொரு வருசம் டிராலிபஸ் ஓட்டியவர்.
தலைக்கு மேல் கம்பி இல்லாமல்
ஒரு முழம் நகர்ந்ததில்லை அவர் வண்டி.
அந்தக் கோபமோ என்னவோ,
ஓய்வு பெற்ற மறுமாதமே
கம்பியில்லாமல் ஓடும் சில்லொன்று செய்ய இறங்கிவிட்டார்.

பழைய சைக்கிள் சில்லு.
விளிம்பெல்லாம் காந்தம்,
தெற்றுப்பல் போலச் சாய்த்துச் சாய்த்து ஒட்டியவை.
எதிரே பலகையில் இன்னொன்று, தடித்தது.
ஒருமுறை அவர் சுண்டுவிரலைக் கவ்வி
நகத்தைக் கறுப்பாக்கிவிட்டது.

என் கணவரின் பெயர் அவர் வாயில் முழுசாய் நுழையாது.
"பாருங்கள், ஃபிராவ் பரா" என்பார்.
பெருவிரலால் ஒரு தட்டு.
சில்லு ஓடும். வேகம் கூடும்.
அவர் மூச்சுவிட மறப்பார்.
பிறகு அந்த இடம் வரும்.
சில்லு தயங்கும், நடுங்கும்,
கொஞ்சம் பின்னால் போய், முன்னால் வந்து
நின்றுவிடும்.
எப்போதும் அங்கேதான்,
காற்றடிக்கும் வாயிலிருந்து இரண்டு கம்பி தள்ளி.

"இன்னும் ஒரு காந்தம் போதும்."
அடுத்த வியாழன் இன்னும் ஒன்று ஒட்டியிருக்கும்.
நிற்கும் இடம் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும்.
தட்டியது உங்கள் விரல்,
விரலைத் தட்டவைத்தது காலையில் தின்ற ரொட்டி
என்று சொல்ல நினைத்து
சவர்க்காரத் தூளை அளந்துகொண்டு நின்றேன்.

நான் சீட்டுப் பிடிக்கிறவள்.
பன்னிரண்டு வீடு, மாதம் ஐந்நூறு பிராங்க்.
முதல் மாதம் எடுத்தவர் முகத்தில்
லொத்தர் விழுந்த வெளிச்சம்.
பிறகு பதினொரு மாதம்
என் குரல் கேட்டாலே அவருக்கு இருமல்.
காசு வீடு வீடாய்ச் சுற்றும்,
சுற்றுகிறதென்று குட்டி போடாது.

அதைச் சொல்ல என் ஜெர்மன் போதாது.
விரலால் காட்டினேன்:
கிட்ட வரும்வரை இந்தக் காந்தம் தருகிறது.
தாண்டிப் போகையில் தந்ததைக் கேட்கிறது,
சதம் பிசகாமல்.
அச்சில் உரசிப் போவது
சீட்டுக்காரி என் கூலி.

நெடுநேரம் யோசித்தார்.
"கடைசி மாதம் எடுப்பவர்?" என்றார்.
"அவர் எல்லாம் முன்னமே கட்டிவிட்டவர்."

நவம்பரில் யாரோ புகார் எழுதிவிட்டார்கள்,
பொது மின்சாரத்தை ஒருவர் திருடுகிறாரென்று.
நிர்வாகத்திலிருந்து ஃபிராவ் ஸ்பிண்டன் வந்தாள்.
பாவாடையை ஒதுக்கி மேசைக்கடியில் குனிந்து
டார்ச் அடித்துத் தேடினாள்.
கம்பி இல்லை.
எழுந்தவள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
தானும் ஒரு தட்டுத் தட்டினாள்.
ரூஃபனாக்ட் கேட்டார்:
"கம்பி இல்லை என்று எழுதித் தருவீர்களா?"
எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.
அதற்குக் கீழே நிற்கிறது, சில்லு.

இன்று வாசலில் வந்து நின்றார்.
என் மெஷினுக்கு மேலே
மின்மானிப் பெட்டி. கண்ணாடிக்குள் வெள்ளித் தட்டு,
விளிம்பில் சிவப்புப் புள்ளி.
வந்தது, போனது, வந்தது.
அதற்குள்ளும் ஒரு காந்தம் உண்டாம்,
ஓட்டுவதற்கல்ல, இழுத்துப் பிடிப்பதற்கு.
அவர்தான் சொன்னார், குரலைத் தாழ்த்தி,
உறவில் யாரோ கட்சி மாறிவிட்டதைப் போல.
"இது மட்டும் நிற்பதேயில்லை" என்றார்.
"நான் காசு கட்டுகிறேன்" என்றேன்.

அப்போது மெஷின் பிழியத் தொடங்கியது.
தரை அதிர்ந்தது.
பக்கத்து அறையில்
யாரும் தொடாமல்
சில்லு ஒரு விரற்கடை அசைந்தது.

ஓடினார், எழுபது வயதில், செருப்பை விட்டுவிட்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிழிந்து முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது.